கை ஓங்காத மாப்பிள்ளை

மைக்கைக் கையில் வாங்கியதும் வேடியப்பன் முதலில் அதைத் துடைப்பார். சட்டைப் பையிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டை வெளியே வரும். மைக்கின் தலையை ஒரு சுற்று, கைப்பிடியை ஒரு சுற்று. அதற்குள் கீபோர்டு வாசிப்பவர் சத்தத்தைத் தணித்துக்கொள்வார். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொள்வார்கள். பிறகு, எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குத் தணிந்த குரலில், "நான் ஒரு மகா பாவிங்க" என்று தொடங்குவார்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், சிமெண்ட் ஷீட் போட்ட அந்தச் சபைக்கு ஞாயிறுதோறும் அறுபது எழுபது பேர் வருகிறார்கள். சாட்சி நேரம் என்று பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். ஒருவர் மகளுக்கு வேலை கிடைத்திருக்கும். ஆட்டோக்காரர் வேடியப்பன் எழுந்தால் மட்டும் பத்து நிமிடம் இருபதாகிவிடும். யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

"காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே குவார்ட்டர் போட்டுடுவங்க. வண்டிய எங்க உட்டேன்னு எனக்கே தெரியாது. வூட்டுக்குப் போவேன், அவ சோத்த எடுத்து வெப்பா. உப்பு கம்மின்னு சொல்லுவேன்." இந்த இடத்தில் ஒரு நிறுத்தம். கண்ணை மூடிக்கொள்வார். "கொதிக்கிற ரசம்ங்க. சட்டியோட தூக்கி அவ மேல ஊத்திட்டேன். இன்னிக்கும் கைல தழும்பு இருக்குது. அந்தக் கையத் தூக்கித்தான் அவ எனக்காக ஜெபம் பண்ணா!"

"ஸ்தோத்திரம்!" என்று கூரை அதிரும். நாலு பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்திலிருக்கும் யாராவது ஒரு அக்கா அவருடைய வலது கையை, முழங்கைக்குக் கீழே, பரிவோடு தடவிக் கொடுப்பார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். வேடியப்பன் குடிகாரராக இருந்ததே இல்லை. மச்சான் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை வாயில் ஊற்றி, பந்தலிலேயே வாந்தி எடுத்ததோடு சரி. மனைவியை அடித்ததும் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் கை ஓங்கியதுகூட இல்லை. தழும்பு உண்மைதான். அது டிவிஎஸ் வண்டியைத் தள்ளும்போது சைலன்சர் பட்டு வெந்தது.

அவருடைய பாவம் வேறு. அது வாயில் இருந்தது.

ஆசிரமத்துப் பக்கம் பத்து வருடத்துக்குமேல் வண்டி ஓட்டியவர். வெளியூர்க்காரர்கள் ஏறினால் சும்மா ஓட்ட மாட்டார். கதையும் சேர்த்து ஓட்டுவார். கிரிவலப் பாதையில் அவர் கை காட்டாத பாறை இல்லை. இந்தப் பாறையில் ஒரு சித்தர் முந்நூறு வருடம் தலைகீழாக நின்றார், அந்தப் புளியமரத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி விபூதி கொட்டும் என்று அவிழ்த்துவிடுவார். மலைக்கு இருக்கிற பெருமை போதாதென்று இவர் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவார். ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'ரீலு'. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நாம் கேட்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறவர்கள் பலரும் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு நெய் வடிந்துதான் ஆக வேண்டியிருந்தது.

புனேயிலிருந்து அப்படி ஓர் அம்மாள் வந்தார். கணவர் இறந்து மூன்று மாதம். வேடியப்பன் தன் அரைகுறை இந்தியில், மேலே குகையில் ஒரு சித்தர் இருக்கிறார், யார் கண்ணுக்கும் படமாட்டார், என்னிடம் மட்டும் பேசுவார் என்று சொல்லி வைத்தார். அத்தோடு மறந்தும் போனார். மறு வருடம் அந்த அம்மாள் திரும்பி வந்து, தேடிப் பிடித்து அவருடைய ஆட்டோவிலேயே ஏறினார். மடியில் ஒரு கம்பளிச் சால்வை. எட்டு மாதம் உட்கார்ந்து தன் கையால் பின்னியது. திருவண்ணாமலை வெயிலுக்குக் கம்பளி! சித்தரிடம் இதைக் கொடுத்துவிட்டு, தன் கணவர் நன்றாக இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார்.

வேடியப்பன் சால்வையை வாங்கிக்கொண்டு மலை ஏறினார். ஒரு பாறைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றார். கீழே இறங்கி வந்து, "நல்லா இருக்காராம். சாமி சொல்லிட்டாரு" என்றார். அவருடைய தாயைவிட மூத்தவரான அந்த அம்மாள், நடு வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்குக் கூசிய கால் பல நாள் கூசியது. சால்வை பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு மழைக்கு அந்தச் சபையின் வாசலில் வண்டியை ஒதுக்கினார். உள்ளே பாஸ்டர் இளவரசன் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொய்ங்கறது அழுக்குச் சட்ட மாதிரி. அடுத்தவன் வந்து கழட்ட மாட்டான். நீதான் கழட்டணும். கழட்டிட்டு வெறும் உடம்போட நில்லு. புதுச ஆண்டவர் போட்டுவுடுவாரு." வேடியப்பன் நனைந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமலேயே அழுதார்.

அதன் பிறகு அவர் மாறினார். அதில் சந்தேகமே வேண்டாம். வண்டியில் ஏறியவர்கள் பாறையைக் காட்டிக் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்பார். வற்புறுத்தினால், "சத்தியமா தெரியாதுங்க." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே, நாக்கைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் இருந்தவர்கள், "இன்னாடா, ரீலு அந்து போச்சா?" என்று சிரித்தார்கள். புனே அம்மாளை எழுதித் தேடலாம் என்றால் விலாசம் இல்லை. ஆறு மாதம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி ஒரு ஞாயிறு காலை, "நானும் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

அப்படியானால் ரசம் எங்கிருந்து வந்தது?

முதல்முறை சாட்சி சொன்னபோது வேடியப்பன் உண்மையைத்தான் சொன்னார். "நெறைய பொய் சொல்லிட்டங்க. ஆண்டவர் மன்னிச்சாரு." அவ்வளவுதான். அவருக்கு முன்னால் பேசியவர் ஒரு காலத்து ரவுடி. கத்தி, ஜெயில், சாராயம் என்று சபையையே உலுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். வேடியப்பனுக்கு ஒரே ஒரு மெலிந்த ஸ்தோத்திரம் விழுந்தது, அதுவும் இருமலோடு. பொய் யார்தான் சொல்லவில்லை என்பதுபோல எல்லோரும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதம் பொய்யோடு ஒரு குவார்ட்டர் சேர்ந்தது. மழைக்காலத்தில் குவார்ட்டர் ஆஃப் பாட்டில் ஆனது. கிறிஸ்துமஸுக்குள் கை ஓங்கியாகிவிட்டது. ஈஸ்டருக்கு ரசம் கொதித்தது. விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழமோ, தூக்கிவிட்டவருக்கு அவ்வளவு மகிமை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கயிறு போட்டுக் கட்டிய நாக்கு, கோயில் மாடுபோல, சபைக்குள் மட்டும் அவிழ்ந்து மேய்ந்தது.

அன்புச்செல்விக்கு முதலில் சிரிப்புதான். "குக்கர்ல ரசம் வெக்கற வூட்ல சட்டி எங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. சபைக்குப் புதிதாகச் சினேகா என்றொரு பெண் வர ஆரம்பித்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. கூட்டம் முடிந்ததும் அன்புச்செல்வியைத் தனியாக இழுத்து, "எப்டிக்கா பொறுத்துக்கினீங்க? எவ்ளோ நாளு பொறுத்தா மாறுவாங்க?" என்று கேட்டாள். அன்புச்செல்வி வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "இனிமே அந்த ரசத்த உட்டுடு. அவ கேக்கறதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல" என்றார். வேடியப்பன் வெட்கப்பட்டார். விட்டுவிடுகிறேன் என்று ஜெபம் பண்ணியே சொன்னார். இரண்டு மாதம் விட்டும் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரில் சனிக்கிழமை பகலில் ஓர் உபவாசக் கூட்டம். வேடியப்பன் பிரதர் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாஸ்டர் இளவரசனும் சந்தோஷமாக அழைத்துப் போனார்; வேடியப்பன் தன் ஆட்டோவில் அன்புச்செல்வியையும் ஏற்றிக்கொண்டார்.

கீழ்பென்னாத்தூர் அன்புச்செல்வி பிறந்த ஊர். அம்மா ஜோதியம்மாளும் தம்பி சக்கரவர்த்தியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையைப் பயிரிட்டுப் பிழைக்கிற குடும்பம். மகள் பொட்டில்லாமல் வந்து நின்ற நாளில் ஜோதியம்மாள் அடுப்படியில் போய் அழுதார். பங்காளிகள் சும்மா விடவில்லை. மாப்பிள்ளை மதம் மாறிவிட்டார், உறவை அறு என்றார்கள். அப்போதெல்லாம் ஜோதியம்மாள் ஒரே பதிலைத்தான் சொன்னார். "எந்தச் சாமியக் கும்புட்டா உனக்கின்னா? எம் பொண்ணு மேல இதுவரைக்கும் கை ஓங்காதவன்டா எம் மாப்ள. உங்க வூட்ல எவன்னா இருக்கறானா சொல்லு?" அந்தத் தெருவில் இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஜோதியம்மாளும் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

பந்தலுக்குள் முந்நூறு பேர். வேடியப்பன் மைக்கை வாங்கிப் பொய்யைப் பற்றி, சத்தியமாகப் பொய்யைப் பற்றித்தான், பேச ஆரம்பித்தார். முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான், குவார்ட்டர் வந்துவிட்டது. அதன் பின்னால் சோறு வந்தது, உப்பு கம்மி வந்தது. "கொதிக்கிற ரசம்ங்க" என்றபோதுதான், தன் குரலே தூரத்திலிருந்து ஒரு நொடி பிந்தித் திரும்பி வருவதைக் கேட்டார். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதன் வாய் மாமியார் வீட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். முந்நூறு முகம் வாயைப் பிளந்து காத்திருந்தது. அவர் நிறுத்தவில்லை. தழும்பு வரைக்கும் போய், ஸ்தோத்திரம் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். இந்த ஒன்றை நினைக்கிறபோதெல்லாம் இன்றைக்கும் அவருக்கு உடம்பு எரிகிறது.

கூட்டம் முடிந்து புருஷனும் மனைவியுமாக மாமியார் வீட்டுக்குப் போனால், வாசலில் மல்லாட்டை காயப் போட்டபடி கிடந்தது. யாரும் காகம் ஓட்டவில்லை. ஜோதியம்மாள் 'வாங்க மாப்ள' சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது இன்னாடி?"

"சைலன்சர் சுட்டதும்மா. அப்பவே சொன்னனே."

"அப்பவும் அதத்தான் சொன்ன. இருவது வருசமா எங்கிட்ட மறைச்சிட்டியா?"

"யம்மா, சத்தியமா அடிக்கலம்மா! அது சும்மா கூட்டத்துல சொல்றதும்மா!"

"அடிச்சேன்னு அவனே மைக்குல சொல்றான். இல்லன்னு நீ சொல்ற. அடி வாங்கறவ எவ ஒத்துக்கினா?" அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சக்கரவர்த்தி எழுந்து வந்து, அக்காவின் கணவரின் முகத்தைப் பார்க்காமல், "மாமா, அம்மா பி.பி. மாத்திர சாப்புட்ற ஆளு. நீங்க கெளம்புங்க" என்றார். அடித்திருந்தால்கூட வேடியப்பன் தாங்கியிருப்பார்.

திரும்பி வரும்போது ஊர் நெருங்கி, மலை தெரிய ஆரம்பித்த பிறகுதான் பின்சீட்டிலிருந்து அன்புச்செல்வியின் குரல் வந்தது.

"எங்கம்மாக்கு ஒன்னுமே இல்லய்யா. நகை இல்ல, நெலம் பாதி போச்சு. மாப்ள கை ஓங்க மாட்டான்னு சொல்லிக்க அது ஒன்னுதான் இருந்துச்சு. அத எடுத்து ஸ்பீக்கர்ல ஊதிட்டு வந்துட்ட."

வேடியப்பன் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அதுவரை அதில் மனைவியின் முகம் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. சாட்சி நேரத்தில் அவர் எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, குடித்ததில்லை, அடித்ததில்லை, ரசம் ஊற்றவில்லை, அத்தனையும் பொய் என்றார். புனே அம்மாளைப் பற்றியும் முதன்முறையாகச் சொன்னார். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கதையை நம்பிப் புருஷனைப் பொறுத்துக்கொண்டிருந்த சினேகா மட்டும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்புச்செல்வி அவள் பின்னாலேயே ஓடினார்.

எல்லோரும் போன பிறகு பாஸ்டர் இளவரசன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் முகம் செத்திருந்தது. "ஊரு ஊரா உங்கள கூட்டிக்கினு போனது நான்தான் பிரதர். ஜனங்க அழுவறாங்களேன்னு பாத்தேன். நெஜமான்னு ஒரு நாளும் கேக்கல. நானும் ஆண்டவர் முன்னாடி நிக்கணும்." நாலு நாற்காலியை அடுக்கிவிட்டு, "ஆனா ஒன்னு. கீழ்பென்னாத்தூர்ல குழாய் கட்டிச் சொன்னத, இங்க நாலு சொவத்துக்குள்ள சொல்லி என்னா பிரயோஜனம்?"

திங்கட்கிழமை காலை வேடியப்பன் ஆட்டோவை எடுத்தார். தனியாகத்தான் போவதாக இருந்தார். அன்புச்செல்வி கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, முதல் வீட்டில் தொடங்கினார். மைக் இல்லை, துடைக்க ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நான் ஜோதியம்மா மருமவன்ங்க. சனிக்கெழம கூட்டத்துல எஞ் சம்சாரத்த அடிச்சேன்னு சொன்னது பொய்ங்க. நான் அவள அடிச்சதே இல்ல." முதல் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இரண்டாம் வீட்டில், "வுடுப்பா, நடந்தது நடந்து போச்சு. இனிமே ஒழுங்கா வெச்சிக்க" என்று புத்தி சொன்னார்கள். மூன்றாம் வீட்டு எல்லம்மாள், ஆட்டோவுக்குள் குனிந்திருந்த அன்புச்செல்வியை எட்டிப் பார்த்துவிட்டு, "மெரட்டிக் கூட்டியாந்திருக்கான் பாரு" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

டீக்கடையில் ஆறேழு பேர். அங்கேயும் சொன்னார். ஒரு பங்காளி கிளாஸை வைத்துவிட்டு விசாரணையே வைத்தார்.

"குடிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. அப்ப இன்னாத்த திருத்திக்கினு நீ அந்தச் சாமிகிட்ட போன?"

"பொய் சொல்றதங்க."

"அதத்தானடா சனிக்கெழமையும் சொல்லிட்டுப் போன?"

கடை முழுக்கச் சிரித்தது. வேடியப்பன் காது மடல் வரைக்கும் சூடேறி நின்றார். பழைய ரீலுவாக இருந்தால் இதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். "ஆமாங்க," என்றார். "அது இன்னும் போவலங்க." சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பதினெட்டு வீடு. கடைசியாக மாமியார் வீடு. அவர் வந்துகொண்டிருக்கிற சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஜோதியம்மாள் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். சக்கரவர்த்தி கதவில் சாய்ந்து நின்றார். 'வா' என்று யாரும் சொல்லவில்லை. வேடியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, படி ஏறாமல், தெருவிலேயே நின்றார்.

"அத்த, நான் அவள அடிச்சதே இல்ல அத்த. கைதட்டுவாங்கன்னு சொன்னேன். உங்க பேர நெனக்கல. அவ பேரயும் நெனக்கல." கழற்றிய செருப்பை ஓரமாக ஒதுக்கினார். "நீங்க நம்ப வேணாம். நம்பற மாதிரி நான் நடந்துக்கல. ஆனா சொல்லிட்டுப் போணும்னு வந்தேன்."

ஜோதியம்மாள் முறத்தை நகர்த்தி வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மருமகனின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையை மேலே திருப்பி, மண் ஒட்டிய கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். பிறகு அந்தக் கையை விடாமலேயே, இது ஓங்கிய கைதானா என்று கேட்பதுபோல, ஆட்டோவை விட்டு இறங்கி வந்து நின்ற தன் மகளின் முகத்தைப் பார்த்தார்.